ஆபீசர் பச்சை

தாமல் ஏரிக்குக் கீழே இருந்த அந்த அரசாங்கப் பண்ணையில் ரமாமணியை முகத்துக்கு நேரே 'அம்மா' என்று கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் 'மொச்சையம்மா' என்றார்கள். அவளுக்கும் அது தெரியும். தெரிந்து என்ன செய்வது, ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? நெல்லும் கரும்பும் வேர்க்கடலையும் விளைகிற மண்ணில், எவனும் வாயில் வைக்காத சோயா மொச்சையை ஒருத்தி ஏழு வருஷமாகக் கட்டிக்கொண்டு மாரடித்தால் வேறென்ன பேர் வைப்பார்கள்?

தினமும் காலை ஐந்தரை மணிக்குச் சின்னக் காஞ்சிபுரத்தில் தன் ஒண்டுக்குடித்தனத்தைப் பூட்டிக்கொண்டு கிளம்புவாள். வாலாஜா போகிற முதல் பஸ். கண்டக்டர் அவளிடம் ஊர் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. சில்லறை கைமாறும், சீட்டு கைமாறும், அவ்வளவுதான். நாற்பது வயது. கழுத்தில் திருமாங்கல்யம் இருந்தது. கட்டினவன் பதினோரு வருஷத்துக்கு முன்னால் வேலை கிடைத்து டெல்லிக்குப் போனான். ஆறாவது மாதம் ஒரு இன்லண்டு கடிதம் வந்தது. அங்கே இன்னொருத்தியோடு குடித்தனம் ஆகிவிட்டதாம், இவள் தன் வழியைப் பார்த்துக்கொள்ளலாமாம். தாவரவியல் படித்திருந்தாள், வேலை கிடைத்தது, வழியைப் பார்த்துக்கொண்டாள். ஆனால் சன்னதித் தெருவில் நடந்தால் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டிலிருந்து 'பாவம்' என்று ஒரு பெருமூச்சு வரும். அந்த ஒரு சொல்லை மட்டும் அவளால் ஜீரணிக்க முடியவில்லை. அதனாலேயே யாரோடும் பேச்சை வளர்க்காமல் விட்டாள். விட்டது விட்டதுதான், பிறகு அது வாயில் பூட்டாகவே ஆகிவிட்டது.

மொச்சைக் கதைக்கு வருகிறேன். அது தெரியாவிட்டால் பின்னால் நடந்த கூத்து புரியாது.

மொச்சை ஜாதிச் செடிகளுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் மண்ணிலிருந்து வந்து வேரில் குடியேறும். வேரெல்லாம் கடுகும் மிளகுமாக முடிச்சுகள் புடைக்கும். குடிவந்த கிருமி காற்றிலிருக்கிற நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும், செடி தன் பங்குக்குச் சர்க்கரை கொடுக்கும். அந்த நைட்ரஜன்தான் கடைசியில் விதைக்குள் போய்ப் புரதமாக உட்காருகிறது. சரி, ஒரு விதையில் நூறு பங்கு புரதம் இருந்தால் அதில் மண் கொடுத்தது எவ்வளவு, கிருமி கொடுத்தது எவ்வளவு? இதை எப்படிப் பிரித்துச் சொல்வது?

அதற்கு ஒரு வழி இருந்தது. பிறவியிலேயே வேரில் யாரையும் அண்டவிடாத ஒரு சோயா ரகத்தை அமெரிக்காவில் கண்டுபிடித்திருந்தார்கள். அதன் விதை பதினான்கு, ஜபல்பூரில் இருந்த ஒரு ஆராய்ச்சியாளரிடமிருந்து அறுபத்தைந்தாம் வருஷம் ஒரு பழுப்பு உறையில் ரமாமணிக்குத் தபாலில் வந்தது. இந்த மண்ணில் அது சரியாக வளரவில்லை. இங்கே நன்றாக வளர்கிற கறுப்பு விதை ரகம் ஒன்று அவளிடம் இருந்தது. அதோடு இதைப் பூவுக்குப் பூ மகரந்தம் மாற்றி ஒட்டவைத்தாள். பிறந்ததை மறுபடி கறுப்போடு, அதற்குப் பிறந்ததை மறுபடி கறுப்போடு என்று ஏழு வருஷம் ஒட்டினாள். எதற்காக? எல்லா விதத்திலும் ஒன்று போல இருக்கிற அக்கா தங்கை இரண்டு பேர் வேண்டும். வேர் ஒன்றில் மட்டும் வித்தியாசம். அக்கா வேரில் முடிச்சு உண்டு, தங்கை வேரில் கிடையாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விதைத்து, எந்த உரமும் போடாமல் வளர்த்தால் அக்கா கரும்பச்சையாக நிற்பாள், தங்கை வெளிறி மஞ்சளாக நிற்பாள். இரண்டு பேர் விதையையும் பொடித்து, அமிலத்தில் காய்ச்சி, புரதத்தை அளந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மிச்சம் கிருமியின் பங்கு. இந்த மண்ணுக்கு அந்தக் கணக்கை இதுவரை யாரும் போட்டதில்லை என்று அவள் நம்பினாள்.

ஆகவே நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு வேண்டியது மஞ்சள். அந்தப் பண்ணையில் நோஞ்சானாக நின்ற நாலு வரிசைதான் அவளுடைய ஏழு வருஷச் சொத்து.

சோயாப் பூ அரிசி நொய் பருமன். அது விரிவதற்கு முன்னால் மொக்கைப் பிளந்து, உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாகக் கிடுக்கியால் எடுத்துவிட்டு, வேறு பூவின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். மூச்சு விட்டால் கெட்டது. பத்துப் பூவுக்குச் செய்தால் இரண்டு காய் பிடிக்கும், பெருமாள் புண்ணியத்தில் சில நாள் மூன்று. ஒட்டிய பூவுக்கு அடையாளம் கட்டப் பருத்தி நூல் உதவாது, மழையில் நைந்துவிடும். பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிக்காரர் வீட்டில் கழிவுப் பட்டு நூல் வாங்கி வருவாள். தளிர்க்காம்பை அறுக்காது, சாயமும் போகாது. சிவப்பு இந்த வருஷம், மயில் கழுத்து போன வருஷம் என்று வயலெல்லாம் பட்டுத் துணுக்கு ஆடிக்கொண்டிருக்கும்.

நூல் கட்டுகிற வேலையில் அவளுக்குக் கூட இருந்தவள் எல்லம்மாள். தாமல்காரி, ஐம்பது வயது, தினக்கூலி. குனிந்தால் சாயங்காலம்தான் நிமிருவாள், ஆனால் வாய் மட்டும் ஒரு நிமிஷம் ஓயாது. மருமகள் செய்த குழம்பு, ஏரியில் மிதந்த எருமை, எம்.எல்.ஏ. வந்தபோது அறுந்த செருப்பு, எல்லாம் பேசுவாள். ரமாமணி 'ம்' என்பாள். ஏழு வருஷம் அந்த ஒரு எழுத்திலேயே ஓடியது. மஞ்சளாக நிற்கிற செடி ஏன் மஞ்சளாக நிற்கிறது என்று எல்லம்மாள் ஆரம்பத்தில் இரண்டு தரம் கேட்டாள். "அது அப்படித்தான் இருக்கணும்" என்றாள் ரமாமணி. அதற்கு மேல் எல்லம்மாளும் கேட்கவில்லை. படித்தவர்கள் விஷயம், நமக்கெதற்கு என்று விட்டிருப்பாள்.

ஜபல்பூருக்கு மட்டும் ரமாமணி எட்டுப் பக்கம், பத்துப் பக்கம் என்று எழுதுவாள். பதில் ஒரு பக்கம் வரும், ஆங்கிலத்தில், டைப் அடித்து.

எழுபத்திரண்டாம் வருஷம் ஆடிப் பட்டத்தில் அக்காவையும் தங்கையையும் முதல் தடவையாகப் பெரிய அளவில் பக்கத்தில் பக்கத்தில் விதைத்தாள். எட்டு வரிசை. நாலு பச்சை, நாலு மஞ்சள். முப்பதாவது நாள் பார்த்தபோது கோடு கிழித்த மாதிரி இருந்தது. வரப்பில் நின்று பார்த்துவிட்டு அவளாகவே சிரித்துக்கொண்டாள். சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. அன்று பஸ்ஸில் கண்டக்டரிடம் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது.

அதே வாரம் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. ஆகஸ்டு முப்பதாம் தேதி கோதண்டபாணி என்கிற மேலதிகாரி வந்து பார்ப்பார். அவர் பார்வைக்கு வித்தியாசம் சரியாகத் தெரிந்தால் மூன்று வருஷம் நீட்டிப்பு. அக்கா தங்கை இரண்டுக்கும் தனி ரக எண் கொடுத்து, கணக்கை இதே பண்ணையில் ரமாமணியே முடிக்கலாம். இல்லையென்றால் மார்ச்சோடு திட்டத்துக்கு மூடுவிழா, அவளுக்கு நெல் விதை சோதிக்கிற மேஜை வேலை. ஏழு வருஷமும் அந்த ஒரு நாளில் வந்து நின்றது.

வம்பு பார்த்தீர்களா, அந்தச் சமயம் பார்த்துத்தான் பெங்களூரில் அண்ணா கிருஷ்ணஸ்வாமியின் பெண்ணுக்குக் கல்யாணம். "கை ஒத்தாசைக்கு ஆளில்லை, முன்னாடியே வந்துடு" என்று அண்ணா எழுதியிருந்தார். வருஷத்துக்கு இரண்டு கடிதம் போடுகிற ஒரே சொந்தம். இருபதாம் தேதி கிளம்பி இருபத்தொன்பதாம் தேதி திரும்புவதாக ஏற்பாடு செய்துகொண்டாள். போகிற அன்று எல்லம்மாளைக் கூப்பிட்டாள்.

"எல்லம்மா, பெரிய ஆபீசர் வரார். நான் வர வரைக்கும் இந்த வயலைக் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுண்டு பாத்துக்கோ. மாடு, கீடு உள்ள வரப்படாது."

"நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்கம்மா. எம் புள்ள மாரி பாத்துக்கறேன்," என்றாள் எல்லம்மாள்.

பெங்களூரில் ரமாமணிக்குக் கிடைத்த வேலை உக்கிராண அறை. தேங்காய் மூட்டை, வெற்றிலைக் கட்டு, நெய் டின், சாவிக்கொத்து. மணையில் என்ன நடக்கிறது என்பது நாயனச் சத்தத்தை வைத்துத்தான் தெரியும். பாலிகை தெளிக்கச் சுமங்கலிகளைக் கூப்பிட்டார்கள். மண் கிண்ணத்தில் ஊறின தானியத்தைப் போட்டுத் தண்ணீர் தெளிக்கிற சடங்கு, ஐந்து பேர் வேண்டும். நாலு பேர் போய்விட்டார்கள். ஐந்தாவது ஆளுக்கு மன்னி கதவு வரைக்கும் வந்து, உள்ளே இவளைப் பார்த்து, ஒரு கணம் தயங்கி, "இன்னும் ரெண்டு தேங்காய் குடு" என்று வாங்கிக்கொண்டு போனாள். எதிர்வீட்டுக் கன்னடக்காரப் பெண்ணை யாரோ கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். விதையோடு வாழ்க்கை நடத்துகிறவளுக்கு நாலு முளைத்தானியம் போடக் கொடுத்துவைக்கவில்லை. அதற்காக அவள் யாரையும் திட்டவில்லை. கோபம் வந்தது, வெற்றிலையை எண்ணி எண்ணி வைத்தாள்.

இருபத்தொன்பதாம் தேதி பகல் திரும்புகிற பஸ் தாமல் வழியாகத்தான் வந்தது. வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. சீர் பட்சணப் பையும் பெட்டியுமாகத் தாமலிலேயே இறங்கி, ஏரிக்கரையில் நடந்தாள். மஞ்சளைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். உலகத்தில் அவளுக்கென்று இருக்கிற நாலு வரிசை.

வரப்பில் ஏறிப் பார்த்தாள். எட்டு வரிசையும் பச்சை.

வரிசை மாறி நிற்கிறோமோ என்று முளைக்குச்சியில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தாள். எண் சரி. குனிந்து இலையைப் பிடித்துப் பார்த்தாள். தளிர் முதல் அடியிலை வரைக்கும் பச்சை. அக்காவைவிடத் தங்கை ஒரு பிடி கூடவே தளதளவென்று நின்றாள். பெட்டியை வரப்பிலேயே போட்டுவிட்டு, "எல்லம்மா!" என்று கத்தினாள். அந்தக் குரலில் அவள் கத்தி அந்தப் பண்ணையில் யாரும் கேட்டதில்லை.

கரும்பு வயலிலிருந்து எல்லம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வந்துட்டீங்களாம்மா? கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா? பாத்தீங்களா வயல?"

"என்ன பண்ணினே?"

"உப்பு வச்சேம்மா."

யூரியாவை அங்கே உப்பு என்றுதான் சொல்வார்கள். ரமாமணி மறுபடி குனிந்து செடியைத் தொட்டாள். எல்லம்மாள் அதைச் சந்தோஷம் என்றே எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது, மேலே பேசினாள்.

"ஆபீசர் வராங்கன்னா பத்து நாளு முன்னாடி உப்பு வைக்கணுமில்ல? மேனேஜர் பரசுராமன் சாரு கரும்புக்கு வச்சாரு, நெல்லுக்கு வச்சாரு. உங்க வயல ஒருத்தரும் கண்டுக்கல. எனக்கு மனசு கேக்கலம்மா. மத்தவங்க வயலு பச்சப் பசேல்னு இருக்குது, உங்களுது மட்டும் காமாலை கண்ட மாரி நின்னுக்கினு இருக்குது. வரவங்க என்னா நெனப்பாங்க? மொச்சையம்மா இத்தினி வருசமா இதத்தான் கிழிச்சாங்களான்னு பேசமாட்டாங்க? உங்க மானம் போயிடுமேன்னு, கரும்புக்குப் போக மிச்சம் இருந்துச்சு, கரைச்சு ஒவ்வொரு செடிக்கா சொம்புல ஊத்தினேன். நல்லா இருந்ததுக்கு ஊத்தல. நோவாளிக்கு மட்டும்தான்."

இது எல்லம்மாளின் சொந்த மூளை என்று நினைத்துவிடாதீர்கள். பண்ணைகளில் வழக்கமாக இருந்ததுதான். பெரியவர்கள் வருவதற்குப் பத்து நாள் முன்னால் யூரியாவைத் தூவிவிட்டால் வருகிற அன்று வயல் கண்ணைப் பறிக்கும். அதற்கு வேலைக்காரர்களிடையே 'ஆபீசர் பச்சை' என்று பெயர். எல்லம்மாள் எத்தனையோ மேனேஜர்களுக்கு அந்தப் பச்சையைச் செய்து கொடுத்தவள். பிள்ளையார் பிடிக்கப் போனாள், குரங்காக முடிந்தது.

"பாவி, ஏழு வருஷம்!" என்றாள் ரமாமணி. "அது மஞ்சளா இருந்தாத்தான் என் வேலை! யாருமே எதுவும் குடுக்காம அது எப்படி இருக்குன்னு பாக்கறதுக்குத்தான் வளர்த்தேன்! எல்லாத்தையும் கெடுத்துட்டியே!"

எல்லம்மாள் முகத்தில் சிரிப்பு மெல்ல அணைந்தது. செடியைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள்.

"ஒண்ணும் குடுக்காம எப்டி இருக்குதுன்னு பாக்கறதுக்கா இத்தினி வருசம் வளத்தீங்க?" என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டாள். "எனக்கு யாரும் சொல்லலியேம்மா."

யார் சொல்வது? சொல்ல வேண்டியவள் இவள். ஜபல்பூருக்கு அனுப்பின எட்டுப் பக்கத்தில் ஒரு வரி, பக்கத்தில் குனிந்து நூல் கட்டினவளிடம் சொல்லியிருந்தால் போதும். ரமாமணிக்கு அது அப்போதே உறைத்தது. உறைத்ததால் கோபம் இன்னும் கூடியது. பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டாள்.

மறுநாள் காலை அவள் வரும்போதே பண்ணை மேனேஜர் பரசுராமன் வாசல் கேட் அருகே காத்துக்கொண்டு நின்றார். கூரம் பக்கத்து விவசாயக் குடும்பத்து மனுஷர், கரும்பு என்றால் உயிர். விஷயம் காதுக்கு எட்டிவிட்டது. யூரியா அவர் மூட்டையிலிருந்து போனது, அந்தப் பயம் வேறு.

"மேடம், இதுல நம்ம தப்பு ஒண்ணும் இல்லியே," என்றார் தணிந்த குரலில். "கூலிக்காரி கேக்காம கொள்ளாம பண்ணிட்டா. அப்டியே சொல்லிடுங்க. நான் அவ பேர கூலி மஸ்டர்ல இருந்து அடிச்சிடறேன். ஆபீசர் எழுதிக்குவாரு, இன்னொரு தரம் விதைச்சுக் காட்டுங்கன்னுவாரு. உங்களுக்கு ஒண்ணும் வராது."

உண்மையும் அதுதானே. ரமாமணி தலையாட்டினாள். சொல்லிவிடுவது என்றுதான் அவளும் பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தாள்.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. கோதண்டபாணி உயரமாக, வழுக்கையாக, நேராகப் பேசுகிறவராக இருந்தார். எட்டு வரிசையையும் மேலும் கீழும் ஒரு நடை நடந்தார்.

"இதுல எது எதும்மா? எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது."

ரமாமணி மண்வெட்டியை வாங்கி அக்கா வரிசையில் ஒரு செடியையும் தங்கை வரிசையில் ஒரு செடியையும் வேரோடு கிளப்பி, வாளித் தண்ணீரில் அலசிக் காட்டினாள். ஒன்றின் வேரில் மிளகு மிளகாக முடிச்சு. மற்றொன்றின் வேர் வெறும் நூல். கோதண்டபாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். இன்னும் இரண்டைக் கிளப்பச் சொன்னார். அவையும் அப்படியே.

"பிரமாதம்," என்றார். "சுத்தமான விதை. ஏழு வருஷத்துல இதைச் செஞ்சிருக்கீங்கன்னா கை நல்ல கை. அப்ப இலை ஏன் வெளுக்கல?" அவரே கேட்டுவிட்டு அவரே பதிலும் சொன்னார். "யூரியா. யாரு போட்டது?"

பரசுராமன் ரமாமணியைப் பார்த்தார். ரமாமணி நிமிர்ந்தாள். மோட்டார் கொட்டகைப் பக்கம் எல்லம்மாள் நின்றுகொண்டிருந்தாள். விருந்தாளிக்கென்று இளநீரைச் சீவிக் கையில் வைத்துக்கொண்டு, கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். அழுதிருக்கிறாள் போல, கண் வீங்கியிருந்தது.

உங்க மானம் போயிடுமேன்னு. நேற்று கோபத்தில் காதில் விழாத வார்த்தை இப்போது விழுந்தது. பெங்களூரில் கதவு வரைக்கும் வந்து தேங்காய் வாங்கிக்கொண்டு போன மன்னிக்கு அந்தக் கவலை இருந்ததா? அண்ணாவுக்கு? டெல்லிக்காரனுக்கு? தன் மானத்தைப் பற்றி இந்தப் பதினோரு வருஷத்தில் கவலைப்பட்டு, சொம்பு சொம்பாகக் குனிந்து ஊற்றின ஜீவன் இது ஒன்றுதான் என்று ரமாமணிக்குத் தோன்றியது.

"நான்தான் போட்டேன்," என்றாள்.

"நீங்களா?"

"நீங்க வரேள்னு... பாக்க நன்னா இருக்கட்டும்னு."

பரசுராமன் கரும்பு வயல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோதண்டபாணி கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"கூலிக்காரங்க செய்யற காரியம் இது," என்றார் கடைசியில். அவர் குரல் கொட்டகை வரைக்கும் கேட்டது. "யாரோ தெரியாம செஞ்சிருந்தா இன்னொரு பட்டம் பாருங்கன்னு சொல்லியிருப்பேன். பார்க்க வர்றவனுக்காக உப்பைக் கொட்டற ஆள் கையில கணக்கை எப்படிம்மா நம்பி விடறது? நாளைக்குப் புரதத்துக்கும் இப்படித்தானே ஒரு எண்ணை எழுதுவீங்க?"

அவள் வாளியிலிருந்த செடிகளை எடுத்து உதறினாள்.

"விதை வீணாகக்கூடாது. அறுவடை பண்ணி, ரெண்டையும் தனித்தனியா சீல் வெச்சு அனுப்பிடுங்க. கணக்கை வேற பண்ணையில போட்டுக்குவாங்க. நீங்க மார்ச்சுல நெல்லுக்கு மாறிக்கலாம்."

இளநீரை யாரும் குடிக்கவில்லை. பரசுராமன் கரும்பைக் காட்டுகிறேன் என்று அவரை அழைத்துக்கொண்டு போனார். அரை மணியில் கரும்பும் முடிந்தது, நெல்லும் முடிந்தது, எல்லாம் நல்ல பச்சை என்று எழுதிக்கொண்டார். ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது. ரமாமணி கிளப்பிப் போட்ட செடிகளைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்திருந்தாள்.

எல்லம்மாள் வந்து எதிரில் நின்றாள்.

"ஏம்மா எம் பேர சொல்லல?"

"சொன்னா உன்னை வேலையை விட்டு நிறுத்திடுவா."

"நிறுத்தட்டுமே!" என்றாள் எல்லம்மாள். கோபமாகவே சொன்னாள். "இந்தக் கூலி இல்லன்னா எனக்கு அடுப்பு எரியாதா? தாமல்ல நாலு ஊட்டு வயலு இருக்குது களையெடுக்க. ரெண்டு புள்ளைங்க சம்பாரிக்கறானுங்க. பேரப் பசங்க இருக்குது. எனக்கு என்னாம்மா கொறச்சல்? உங்களுக்கு இந்தச் செடிய விட்டா யாரும்மா இருக்காங்க? அதப் போயி தூக்கிக் குடுத்துட்டு வந்து உக்காந்துக்கினு இருக்கீங்களே!"

ரமாமணி நிமிர்ந்து பார்த்தாள். இதை அவள் யோசிக்கவே இல்லை. கூலிக்காரி, பாவம், வேலை போனால் என்ன செய்வாள் என்று தானும் அந்தப் 'பாவம்' என்கிற சொல்லை எடுத்துத்தான் போட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் புரிந்தது. எல்லம்மாளுக்கு எதுவும் போயிருக்காது. போனதெல்லாம் தன்னுடையது.

"நான் போயி சொல்றேன்," என்றாள் எல்லம்மாள்.

"வேண்டாம் எல்லம்மா, ஜீப் போயாச்சு."

"எங்க போயாச்சு, கரை மேலதான போவுது!"

புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். ஐம்பது வயதுப் பொம்பளை, வயலுக்குக் குறுக்கே விழுந்து, வாய்க்காலைத் தாண்டி, ஏரிக்கரை மேட்டில் கையை ஊன்றி ஏறினாள். ஜீப் மதகைத் தாண்டிக்கொண்டிருந்தது. "ஐயா! நில்லுங்கய்யா! நான்தான்யா ஊத்தினேன்! அந்தம்மா இல்லய்யா!" என்று கத்திக்கொண்டே புழுதிக்குள் ஓடினாள். முந்தானை அவிழ்ந்தது. அதையும் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். ஜீப் நிற்கவில்லை. கேட்டிருக்காது. ரோட்டில் ஏறித் திரும்பிப் போய்விட்டது.

ரமாமணி வரப்பில் எழுந்து நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக யாரும் எதன் பின்னாலும் இப்படி ஓடியதில்லை.

எல்லம்மாள் திரும்பி வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. மூச்சு இரைக்க, முழங்காலில் ரத்தம் வழிய வந்து சேர்ந்தாள்.

"பூட்டாங்கம்மா," என்றாள். பிறகு ரமாமணியின் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டாள். "ஐயே, அழுவாதம்மா. எந்த ஊரு ஆபீசு அவருக்கு? நாளைக்குக் காலையில மொத பஸ்ஸு புடிச்சு நானே போயி சொல்லிட்டு வந்துடறேன். அட்ரசு மட்டும் எழுதிக் குடுங்க."

பக்கத்தில் ஒரு ஆள் இருக்கும்போது அழுவது ரமாமணிக்குப் பழக்கமில்லை. அதனால் அது எளிதில் நிற்கவும் இல்லை.